பாயிங்க் ஓடினால் மடிக்கணினி சூடாகிறதா?

பாயிங்க் (BOINC) என்பது நம் கணினியின் சும்மா கிடக்கும் திறனை அறிவியல் கணக்கீடுகளுக்குக் கொடுக்கும் மென்பொருள். அதில் புரத ஆய்வுத் திட்டமான ரொசெட்டா அட் ஹோம் ஓடும்போது மடிக்கணினி கொதிக்கிறது, விசிறி அலறுகிறது, பாயிங்க்கையே நீக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீக்க வேண்டாம். விட்டால் அது செயலியின் (சிபியு) எல்லா கோர்களையும், அதாவது கணக்கிடும் பகுதிகளையும், எடுத்துக்கொள்ளும். அமைப்புகளில் கோர்களின் அளவை 50 சதவீதமாகக் குறையுங்கள். பக்கத்திலேயே சிபியு நேரம் என்று இன்னொரு சதவீதம் இருக்கும். பலர் அதைத்தான் முதலில் குறைப்பார்கள். அது வேலையை நிறுத்தி நிறுத்தி ஓட்டும், அவ்வளவுதான். விசிறி ஏறி இறங்கி இன்னும் எரிச்சலூட்டும். பேட்டரியில் ஓடாதபடியும் தடுத்துவிடுங்கள்.

அப்புறம், திட்டம் அனுப்பும் ஒவ்வொரு வேலைக்கும் முடித்து அனுப்பக் கெடு உண்டு. எத்தனை நாளுக்கான வேலையை முன்கூட்டியே இறக்கி வைப்பது என்ற கையிருப்பு நாட்களைக் குறைவாக வையுங்கள், இல்லாவிட்டால் கணக்கிட்டது வீணாகலாம்.

வேற்றுக்கிரக அறிவுயிர்களைத் தேடிய செட்டி அட் ஹோமும் சேர்க்கலாமா என்றீர்களே, அது 2020 மார்ச்சிலேயே புது வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது. வானியல்தான் வேண்டும் என்றால் ஐன்ஸ்டைன் அட் ஹோம் பாருங்கள், பல்சார்கள் (துடிப்பு துடிப்பாக அலை அனுப்பும் விண்மீன்கள்) தேடுகிறார்கள்.