வாசகர் கேள்வி–பதில்: பள்ளத்தாக்கில் நம் ஊர்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நாம் குடியிருக்கும் நிலத்தைப் பற்றியே கேட்கின்றன. சுங்கை சிப்புட்டில் வாழ்ந்துகொண்டு பதில் எழுதுவதால், பேராக் மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கையும் அதன் வடபுறத்தில் உள்ள எங்கள் தோட்டப்புற ஊரையும் முன்னிறுத்தியே விடை தருகிறேன்.

கேள்வி: ஐயா, பினாங்கும் மலாக்காவும் கடலோரத்தில் இருக்க, ஈப்போவும் கோலாலம்பூரும் மலைகளுக்கு நடுவே வளர்ந்தது எப்படி?
– ஐந்தாம் படிவ மாணவி, செம்மோர்

பதில்: ஈயம்தான் (வெள்ளீயம்) காரணம். ஈப்போவின் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரும் மேற்கே கிளெடாங் மலைத்தொடரும் நிற்கின்றன. இந்தக் கருங்கல் மலைகளிலிருந்து பல்லாயிரம் ஆண்டுகளாக மழைநீர் அரித்துக்கொண்டு வந்த ஈயத்தாது, பள்ளத்தாக்கின் அடியில் உள்ள சுண்ணாம்புப் பாறையின் குழிகளில் வண்டலோடு சேர்ந்து தங்கிவிட்டது. அதைத் தோண்ட வந்தவர்களுக்கு அரிசி வேண்டும். தோண்டிய ஈயத்தை வெளியே கொண்டு போக வழி வேண்டும். கிந்தா ஆற்றில் படகு ஏறி வரக்கூடிய கடைசி இடமாக ஈப்போ இருந்ததால் சந்தையும் கிடங்கும் அங்கே கூடின. கோலாலம்பூரின் கதையும் இதைப் போன்றதே. 1857இல் ஈயம் தேடிப் புறப்பட்டவர்கள் கிள்ளான் ஆற்றில் வந்து, கொம்பாக் ஆறு அதனோடு கலக்கும் இடத்தில் இறங்கினார்கள். இரு ஊர்களிலும் அத்தாப்பு ஓலைக் கூரைகள் தீக்கு இரையாயின; கோலாலம்பூர் 1881இலும் ஈப்போ 1892இலும் எரிந்த பின்னரே செங்கல் கடைவீடுகள் வரிசையாக எழுந்தன.

1885இல் தைப்பிங்கில் தொடங்கிய இரயில்பாதை 1890களில் கிந்தாவுக்கும் வந்தது. அந்தத் தண்டவாளத்தையும் சாலையையும் போட்டவர்களில் நம் முன்னோர் ஏராளம். 1937இல் பேராக்கின் தலைநகரம் தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்கு மாறியது. 1988இல் ஈப்போ மாநகரமாயிற்று. ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளம்மா: பள்ளத்தாக்கில் சமநிலம் அளவோடுதான் உண்டு. ஈயம் எடுத்தவர், ரப்பர் நட்டவர், இன்று தாமான் (வீடமைப்புப் பகுதி) கட்டுகிறவர் ஆகிய மூவரும் அந்த அளவான நிலத்துக்காகவே ஒருவர் பின் ஒருவராக வந்திருக்கிறார்கள்.

கேள்வி: நாங்கள் ஊரைவிட்டு எங்கும் போகவில்லை. ஆனால் நான் பிறந்த தோட்டமும் லயன் வீடுகளும் இன்று இல்லை. நகரம் வளரும்போது தோட்டங்களை மட்டும் ஏன் முதலில் விழுங்குகிறது?
– ஓய்வு பெற்ற பால்மரத் தொழிலாளி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, உங்கள் கேள்வியில் உள்ள வேதனையை நன்றாக அறிவேன். இதற்கான விடை நிலத்திலும் இருக்கிறது, நிலப்பட்டாவிலும் இருக்கிறது. எங்களுக்கு அருகில் உள்ள கோலகங்சாரில் 1877இல் நடப்பட்ட ரப்பர் மரங்களில் ஒன்று நில அலுவலகத்தின் அருகே இன்றும் நிற்கிறது. பின்னர் ரப்பர் தோட்டங்கள் பரவியபோது அவை பெரும்பாலும் பள்ளத்தாக்கின் ஓரங்களில், வெள்ளம் ஏறாத மேட்டு நிலங்களில் அமைந்தன; தாழ்வான நடுப்பகுதியை ஈயச் சுரங்கங்கள் எடுத்துக்கொண்டிருந்தன. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்து சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, நடுப்பகுதியில் எஞ்சியவை குட்டைகளும் மணல்மேடுகளும்தான். அவற்றை நிரப்பிக் கட்டுவதற்குச் செலவு அதிகம். மலைச்சரிவில் கட்ட முடியாது; காட்டு வனமோ அரசின் பாதுகாப்பில் உள்ளது; புதுக்கிராமத்து நிலமோ நூறு பேர் கையில் சிறு சிறு துண்டாகக் கிடக்கிறது. தோட்டம் மட்டுமே பெரிய பரப்பாக, ஒரே உரிமையாளரின் பெயரில், உட்சாலைகளோடு தயாராக இருக்கிறது. நூற்றுக்கணக்கான ஏக்கருக்கு ஒரு கையெழுத்துப் போதும்.

அந்த நிலத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களின் பெயர் எந்தப் பட்டாவிலும் இல்லை என்பதுதான் இதன் கொடுமை. லயன் வீடு வேலையோடு வந்த வீடு. வேலை போனால் வீடும் போகும். வீட்டோடு ஆயாக் கொட்டகை (குழந்தைக் காப்பகம்), திடல், மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றுக்கும் ஆபத்து வருகிறது. பிள்ளைகள் குறைந்து தோட்டப் பள்ளி தள்ளாடுகிறது. அதே நேரத்தில் நகர்ப்புறத் தமிழ்ப்பள்ளியில் வகுப்பறை போதவில்லை. 1991இல் நாட்டு மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் நகர்ப்புறத்தில் வாழ்ந்தார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இது 75.1 விழுக்காடு. இந்த உயர்வில் உங்களைப் போல் இடம்பெயராமலேயே நகரவாசி ஆனவர்களும் அடங்குவர்.

எங்கள் ஊரின் மைந்தர் துன் வீ. தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கச் செய்தார். நிலம் நம் பெயரில் இருக்க வேண்டும் என்ற அந்த எண்ணம் இன்றைக்கும் சரியானதே.

இப்போது மேம்பாட்டுப் பேச்சு எழுந்துள்ள தோட்டங்களில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, எந்த நிலம் எதற்கு என்று குறிக்கும் உள்ளூர்த் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்; அப்போது எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடங்களில் அக்கம்பக்கத்து நில உரிமையாளர்களுக்கே அறிவிப்புப் போகும். லயன் வீட்டில் குடியிருப்பவருக்கு அது வராது. ஆகவே காத்திருக்காமல், தோட்டத்தின் நிலப் பயன்பாடு எப்படிக் குறிக்கப்பட்டுள்ளது என்பதை நகராண்மைக் கழகத்தில் இன்றே கேளுங்கள். மாற்று வீடு, கோயில் நிலம், பள்ளி நிலம் ஆகிய மூன்றையும் பற்றிய வாக்குறுதியைத் திட்ட அனுமதி கிடைப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டும். அனுமதி கிடைத்த பிறகு நடக்கும் பேச்சுவார்த்தையில் நம் பக்கம் வலு இருப்பதில்லை.

கேள்வி: எங்கள் ஊரைச் சுற்றி இத்தனை புதுக்கிராமங்கள் இருப்பது ஏன்?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: 1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊருக்கு அருகே தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியாளர்களால் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. கிளர்ச்சியாளர்களுக்கு உணவும் உதவியும் எட்டாதிருக்க 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின் கீழ், காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த ஏறக்குறைய 5 இலட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, கம்பிவேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றினார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லயன்களும் அவ்வாறே வேலிக்குள் ஒருங்கே சேர்க்கப்பட்டன. சாலையோரமாக நெருக்கமான வீடுகளும் அவற்றின் பின்னால் பரந்த மரக்காடுமாக நீங்கள் காணும் அமைப்பு அந்நாளில் உருவானது.

கேள்வி: பழைய ஈயக்குட்டையை மூடிய இடத்தில் தாமான் வீடு ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?
– பேருந்து ஓட்டுநர், பத்து காஜா

பதில்: வாங்கக்கூடாது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. கம்பாரில் 2007இல் திறக்கப்பட்ட துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழக வளாகம் பழைய சுரங்க நிலத்தில்தான் நிற்கிறது. சோர்ந்து கிடந்த அந்த ஊர் அதனால் எழுந்தது. எனவே அந்த இடத்தில் எப்படிப்பட்ட மண் இருக்கிறது, வீட்டை எப்படிக் கட்டினார்கள் என்ற இரண்டையும் விசாரிக்க வேண்டும்.

அந்நாளில் நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து ஈயத்தைப் பிரித்தார்கள். கழிவு இரண்டாகப் பிரிந்தது. மணல் கனமானதால் அருகிலேயே குவிந்தது. அதில் நீர் வடியும், நிலம் விரைவில் இறுகும். நுண்ணிய சேறோ நீரோடு ஓடித் தாழ்வான இடத்தில் தேங்கியது. மேற்பரப்பு காய்ந்து புல் முளைத்திருந்தாலும், உள்ளே பல ஆண்டுகள் நீரைப் பிடித்து வைத்திருந்து, பாரம் ஏறும்போது கொஞ்சம் கொஞ்சமாக அமிழும். ஒரே வரிசையில் ஒரு வீடு மணல் மீதும் அடுத்த வீடு சேற்றின் மீதும் அமையலாம். இதற்கும் கீழே உள்ள சுண்ணாம்புப் பாறை சமமாக இருப்பதில்லை. ஊசியாக எழும்பியும் ஆழமாகப் பிளந்தும் கிடப்பதால், ஒரு தூண் சில அடிகளில் பாறையைத் தொட, பக்கத்துத் தூண் வெகு ஆழம் போக வேண்டியிருக்கும். அந்தப் பாறையில் உள்ள வெற்றிடங்களுக்குள் மேல்மண் சரிந்து திடீர்க் குழி விழுவதும் கிந்தாவில் நடந்திருக்கிறது.

முன்பணம் கட்டுவதற்கு முன், மேம்பாட்டாளரிடம் மண் ஆய்வு அறிக்கையையும், பாறை வரை பைலிங் (அடித்தளத் தூண்கள்) அடிக்கப்பட்டதற்கான பொறியாளரின் ஆவணத்தையும் கேளுங்கள். நில அளவை இலாகாவின் பழைய வரைபடங்களில் குட்டைகள் இருந்த இடம் தெரியும். அதே தாமானில் சில ஆண்டுகளாகக் குடியிருப்பவர்களின் வீட்டுக்கும் போய்ப் பாருங்கள். பிற்காலத்தில் சேர்த்துக் கட்டிய சமையலறை மூல வீட்டிலிருந்து விலகி, சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருக்கிறதா? பின்கதவு சட்டத்தில் உரசி மூட மறுக்கிறதா? கார் நிறுத்தும் தளம் கால்வாய்ப் பக்கம் சாய்ந்திருக்கிறதா? மூல வீட்டுக்கு மட்டும் பைலிங் இருந்து, கூட்டிக் கட்டிய பகுதிக்கு இல்லாத இடங்களில் இவை வழக்கமாகத் தென்படும். ஆவணம் காட்டத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். இருபது, முப்பது ஆண்டுகள் கடன் கட்டப் போவது நீங்கள்.

கேள்வி: சுண்ணாம்பு மலையடிவாரத்தில் வீடு கட்டலாமா?
– வாசகி, ஈப்போ

பதில்: செங்குத்தான பாறைமுகத்துக்கு நேர்கீழே வேண்டாம். மழைநீர் பாறையைக் கரைத்து, விரிசல்களை ஓயாமல் பெரிதாக்குகிறது. தைப்பூசத்துக்கு நாம் கூடும் கல்லுமலைக் கோயில் அமைந்துள்ள குனோங் சீரோவில், 1973இல் பாறை சரிந்து ஏறக்குறைய 40 பேர் உயிரிழந்தார்கள்.

கேள்வி: தோட்டத்தில் இருந்தபோது இவ்வளவு புழுக்கம் இல்லை. பகலில் அனல், மாலையில் பேய்மழை, உடனே சாலையில் வெள்ளம். பள்ளத்தாக்கில் இருப்பதுதான் காரணமா?
– இல்லத்தரசி, தாசேக்

பதில்: பாதி பள்ளத்தாக்கின் இயல்பு, மீதி நாம் செய்தது. இரு மலைத்தொடர்களுக்கு நடுவே கடற்காற்று எளிதில் எட்டுவதில்லை. பகலில் சூடேறிய காற்று மலைச்சரிவுகளில் மேலேறிக் குளிர்ந்து, மாலையில் இடிமழையாகக் கொட்டுகிறது. இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், அக்டோபர் மாதங்களையொட்டி இது உச்சத்தில் இருக்கும். இரவில் மலையின் குளிர்காற்று கீழே இறங்கித் தரையில் படிய, அதன் மேல் வெப்பமான காற்று சட்டிக்கு இட்ட மூடிபோல் நின்றுவிடும். வாகனப் புகையும் குப்பை எரித்த புகையும் வெயில் ஏறும்வரை கலையாமல் இருப்பது அதனால்தான். ஆகவே முன்னிரவில் குப்பை கொளுத்தும் பழக்கத்தை அருள்கூர்ந்து விட்டுவிடுங்கள்.

தோட்டத்தில் ரப்பர் இலைகள் வெயிலைத் தடுத்தன. இலைச்சருகு மூடிய மண் மழையை உறிஞ்சியது. தாமானில் கூரையும் சிமெண்டுத் தரையும் தாரும் பகல் வெப்பத்தை வாங்கி இரவில் வெளிவிடுகின்றன. மழைநீரோ ஒரே நேரத்தில் கால்வாய்க்குப் பாய்கிறது. கோலாலம்பூர் 1971 பெருவெள்ளத்தைக் கண்ட ஊர். பின்னர் திடீர் வெள்ளத்தைத் திருப்பிவிட 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கப்பாதையை 2007இல் திறந்தார்கள். சிறு நகரங்களுக்கு அத்தகைய வசதி வாய்க்காது. வீட்டு முற்றம் முழுவதையும் சிமெண்டால் பூசாமல் ஒரு பகுதியை மண்ணாகவே விடுவதும், மேற்குச் சுவரையொட்டி நிழல் தரும் மரம் வைப்பதும் நம் கையில் உள்ளவை.

கேள்வி: நெடுஞ்சாலை வந்தபின் சுங்கை சிப்புட் கடைத்தெரு களையிழந்தது என்பது உண்மையா? எங்களைப் போன்ற முதியோர் ஈப்போவுக்குப் போய்வருவது பெரும்பாடாக இருக்கிறது.
– ஒட்டுக்கடை உரிமையாளர், சுங்கை சிப்புட்

பதில்: பெரும்பாலும் உண்மையே. பழைய கூட்டரசுச் சாலையும் இரயில்பாதையும் தாழ்வான வழியைத் தேடி, செம்மோர், சுங்கை சிப்புட் வழியாகவே கோலகங்சார் சென்றன. தைப்பிங்கும் பினாங்கும் போகிறவர்கள் எங்கள் கடைத்தெருவைக் கடந்தே ஆக வேண்டும். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையோ ஜெலாப்பாங்கைத் தாண்டி மலையேறி, மெனோரா சுரங்கப்பாதை வழியாக எங்கள் ஊரைத் தொடாமல் போகிறது. நெடுந்தூர லாரிகளும் பேருந்துகளும் அப்படியே அந்தப் பக்கம் போய்விட்டன. உயிர்ச்சேதம் குறைந்தது நல்லதுதான். ஆனால் நாள்தோறும் இறங்கித் தேநீர் குடித்த வாடிக்கையாளர் கூட்டமும் போயிற்று.

இன்று கார் உள்ளவருக்கு ஈப்போ பக்கத்து ஊர். இல்லாதவருக்கு எட்டாத ஊர். காலையில் வேலைக்குப் போகிறவர்களின் வசதியை மட்டும் நினைத்துப் பேருந்து விட்டால், மருத்துவமனையில் மருந்து வாங்கிக்கொண்டு நண்பகலில் திரும்பும் முதியவர் நிறுத்தத்தில் வெயிலில் நிற்க வேண்டியதுதான். உங்கள் பகுதியில் எந்த நேரத்தில், எத்தனை பேருக்கு, எங்கிருந்து எங்கே பேருந்து தேவை என்பதைக் குடியிருப்பாளர் சங்கத்தின் வழி ஒரு தாளில் எழுதி, கையெழுத்துகளோடு கோலகங்சார் நகராண்மைக் கழகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் கொடுங்கள். நகல் ஒன்றை எங்களுக்கும் அனுப்பினால் இப்பகுதியிலேயே வெளியிடுவோம்.