பிடிவாதக்காரிக்கு வலி போகாதா?

கேள்வி: வயது 61, ஓய்வுபெற்ற ஆசிரியை. எட்டு மாதங்களுக்கு முன் வலது முழங்காலில் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டேன். காயம் ஆறிவிட்டது, எக்ஸ்ரேயிலும் பிழையில்லை என்கிறார்கள். ஆனாலும் இரவில் எரிகிறது. சேலை உரசினாலே கூசுகிறது. நிலத்தில் இருந்து தேங்காய் திருவ முடியாமல் மேசையில் பூட்டும் திருவலைக்கு மாறிவிட்டேன். "மனம் வளைந்துகொடுக்காதவர்களுக்குத்தான் ஒபரேஷனுக்குப் பிறகு வலி நிற்காதாம்" என்று மருமகள் எங்கோ வாசித்துவிட்டுச் சொன்னாள். அன்றிலிருந்து வீட்டில் என் வலிக்குப் பெயர் பிடிவாதம். அடுத்த மாதம் கணவருக்கு ஹேர்னியா சத்திரசிகிச்சை. அவர் என்னைவிடப் பிடிவாதக்காரர். பயமாக இருக்கிறது.
ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: ரீச்சர், மருமகள் வாசித்தது பொய்யல்ல. விளங்கிக்கொண்டதுதான் பிழை.

பிரான்ஸில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. முழங்கால் மூட்டு மாற்றவும் மார்பகப் புற்றுநோய்க்காகவும் சத்திரசிகிச்சைக்கு வந்தவர்களுக்கு முன்கூட்டியே சில மூளைச் சோதனைகள் வைத்து, ஆறு மாதத்திலும் பன்னிரண்டு மாதத்திலும் வலி இருக்கிறதா என்று பார்த்தார்கள். அவற்றில் ஒன்று இப்படி: ஒரு தாளில் எண்களும் எழுத்துகளும் சிதறிக் கிடக்கும். 1இலிருந்து அ, பிறகு 2, ஆ, 3, இ என்று பென்சிலை எடுக்காமல் மாறி மாறி இணைக்க வேண்டும் (அவர்களுக்கு ஏ, பீ, சீ). ‘இ’க்கு வந்ததும் கை தானாக ‘ஈ’யைத் தேடி ஓடும். அதை மறித்து 4க்குத் திருப்ப வேண்டும். நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். இதில் தடுமாறியவர்களிடம் பிற்காலத்தில் வலி கூடுதலாகக் காணப்பட்டது. மனக்கவலையைத் தனியாகக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு அழியவில்லை.

‘மனம் வளைந்துகொடுத்தல்’ என்ற பெயரில் அவர்கள் அளந்தது இந்தத் திருப்பும் வேலையை. குணத்தை அல்ல. கோபித்துக்கொண்டு மூன்று நாள் பேசாமல் இருப்பவர் அந்தத் தாளை ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம். எதற்கும் "சரி, சரி" என்று தலையாட்டுகிற சாது நடுவழியில் நின்றுவிடலாம். மூளையிலிருந்து முள்ளந்தண்டு வழியாக இறங்கி, வலிச் செய்தியின் சத்தத்தைக் குறைக்கும் கட்டளைகள் உண்டு. கவனத்தை மாற்றுகிற மூளையின் முன்பகுதிக்கு அதிலும் பங்கிருப்பதால்தான் இரண்டும் சேர்ந்து வருகின்றன என்பது ஒரு விளக்கம். தூக்கமில்லாத இரவுகளும் நீண்டநாள் வலியும் சில மாத்திரைகளும்கூட இந்தத் திறனை மந்தமாக்கும். ஆகவே எது முந்தியது என்று வீட்டுக்குள் தீர்ப்புச் சொல்ல முடியாது. (புதிர்ப் புத்தகத்தை முழங்கால் வலிக்கு மருந்தென்று யாராவது நீட்டினால் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.)

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு: எரிவும், சேலை உரசினால் கூசுவதும். முழங்காலின் நடுவே நீளமாக வெட்டும்போது, முன்பக்கத் தோலுக்கு வரும் சிறு நரம்புக் கிளைகள் அறுபடுவது வழமை. பலருக்கு அந்த இடம் மரத்திருக்கும், சிலருக்கு எரியும். எக்ஸ்ரேயில் எலும்பும் உலோகமும் தெரியும், நரம்பு தெரியாது. "எக்ஸ்ரே சரி, ஆகவே வலி மனதில்" என்ற கணக்கை ஒரு மாணவன் எழுதியிருந்தால் நீங்களே பிழை போட்டிருப்பீர்கள்.

சத்திரசிகிச்சைக்குப் பின் மூன்று மாதங்களைத் தாண்டும் வலிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே தனி இடம் உண்டு. முழங்கால் மாற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இப்படித் தொல்லை தொடர்கிறது. அதனால் கூச்சப்படாமல் மட்டக்களப்புக்கோ கல்முனைக்கோ, உங்களுக்கு வசதியான கிளினிக்குக்குத் திரும்பிப் போங்கள். "நோகுது" என்று மட்டும் சொன்னால் பனடோலோடு திருப்பி அனுப்பக்கூடும். "எரிகிறது, துணி பட்டால் கூசுகிறது, இரவில் கூடுகிறது" என்று பிரித்துச் சொல்லுங்கள். நரம்பு வலிக்குக் கொடுக்கும் மருந்துகள் வேறு. இடுப்பையும் முதுகையும் பார்க்கச் சொல்லுங்கள், அங்கிருந்தும் முழங்காலுக்கு வலி இறங்கும். வீக்கம், சூடு, காய்ச்சல், தழும்பில் கசிவு ஏதாவது இருந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம்.

நிலத்துத் திருவலையை விட்டு மேசைத் திருவலைக்கு மாறியவரை வளைந்துகொடுக்காதவர் என்று எப்படிச் சொல்கிறார்களோ! மருமகளிடமும் அந்த எண், எழுத்துத் தாளைக் கொடுத்துப் பாருங்கள். மணிக்கூடு உங்கள் கையில் இருக்கட்டும்.

இனி உங்கள் கணவர். கவட்டு ஹேர்னியா என்றால், பத்தில் ஒருவருக்கு அளவில் வலி நீடிப்பதுண்டு. முன்பே வலி இருப்பது, முதல் சில நாட்களின் வலி கட்டுக்குள் வராமல் போவது, நரம்பு காயப்படுவது ஆகியவை அந்த ஆபத்தைக் கூட்டும். அவருக்கு வேறெங்காவது நாட்பட்ட வலி இருந்தால் மயக்க மருந்து வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அவருடைய பிடிவாதத்தில் நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: வார்ட்டில் தாதி வந்து கேட்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு "ஒன்றுமில்லை மகள்" என்று சொல்லிவிடுவார். பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எத்தனை என்று அவரைக் கேட்டு, அந்த எண்ணை நீங்களே தாதியிடம் சொல்லுங்கள்.