மூன்று ஊசி போட்டும் அல்பாக்காவின் (ஒட்டக இனத்து ரோம விலங்கு) கால்விரல் இடுக்கில் சொறி போகவில்லை என்றால்

நான்காவது ஐவர்மெக்டின் (ஒட்டுண்ணிகளைக் கொல்லும் மருந்து) ஊசி வேண்டாம், மருந்தைத் தோலின் மேலேயே போட வேண்டியிருக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் (விரல் இடுக்கு, வாலடி, காது ஓரம் பக்கு, ஆனால் அரிப்பு அதிகமில்லை) இது கோரியாப்டிஸ் என்ற, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய சொறி உண்ணியாகத்தான் (mite) பெரும்பாலும் இருக்கும். அது தோலைத் துளைத்து உள்ளே போகாது, மேலே உதிரும் செதிலைத் தின்றே பிழைக்கிறது, அதனால் ரத்தம் வழியாகப் போகும் மருந்து அதற்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. வயிறு, தொடை இடுக்கில் ஆரம்பித்து உயிரை எடுக்கிற மாதிரி அரித்தால் அது தோலுக்குள் துளைத்துப் போகும் சார்காப்டிஸ் என்ற இன்னொரு உண்ணி, அதற்குத்தான் ஊசி.

முதலில் பக்கின் ஓரத்தைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றாலும் உண்ணி இல்லை என்று அர்த்தமில்லை, குறிப்பாக சார்காப்டிஸ் எளிதில் சிக்காது. துத்தநாகக் குறைவிலும் இதே மாதிரி தோல் தடிக்கும்.

அப்புறம், பக்கை ஊறவைத்துக் கழுவி எடுத்த பிறகே மருந்து. மாட்டுக்கு முதுகில் ஊற்றுகிற மருந்தை அப்படியே முதுகில் ஊற்றிவிட்டு இருந்துவிடாதீர்கள், அல்பாக்கா ரோமத்தில் ஆட்டுக்கு இருப்பது போல எண்ணெய்ப் பசை கிடையாது, மருந்து பரவாது. சொறி உள்ள இடத்திலேயே படவேண்டும். முட்டை சாகாது என்பதால் திரும்பத் திரும்பப் போடவேண்டும், அதுவும் மந்தை முழுவதற்கும். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று விட்ட ஒன்றிலிருந்துதான் மறுபடி வரும். படுக்கை வைக்கோலையும் மாற்றுங்கள்.

நீங்கள் இருக்கும் பிரிட்டனில் அல்பாக்காவுக்கென்று உரிமம் பெற்ற சொறி மருந்து இல்லை, எனவே எப்ரினோமெக்டினோ ஃபிப்ரோனில் ஸ்ப்ரேயோ, அளவை எடை பார்த்து மருத்துவர்தான் சொல்லவேண்டும். கையுறை போடுங்கள், சார்காப்டிஸ் என்றால் உங்களுக்கும் அரிக்கும்.