‘ப்ளீஸ்’ இல்லாத ஊரில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோபன்ஹேகனில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. ‘ப்ளீஸ்’, ‘சாரி’, ‘குட் லக்’ போன்ற அன்றாட ஆங்கிலச் சொற்களுக்கு டேனிஷில் ஒரு பட்டியல் தருவீர்களா? ‘ப்ளீஸ்’ என்பதற்கு அகராதியில் பார்த்து எல்லா மின்னஞ்சலிலும் ‘வென்லிஸ்ட்’ என்று போடுகிறேன். என் மேல் கோபமா என்று கூட வேலை பார்க்கும் பெண் கேட்டார். இவர்களோ ‘ப்ளீஸ்’ சொல்வதே இல்லை. மரியாதை தெரியாத ஜனங்களோ என்று தோன்றுகிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பட்டியல் தரமாட்டேன், அதுதான் உங்களை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது. தேர்வுக்குப் போகிறவரிடம் ‘ஹெல் ஓ லுக’, தேறி வந்தவரிடம் ‘டிலுக’. காலை மிதித்துவிட்டால் ‘உன்ஸ்கூல்’. சாவு வீட்டில் அதைச் சொல்லாதீர்கள், அங்கே ‘டே கோர் மை ஒன்ட்’, எனக்கு வலிக்கிறது என்று பொருள். இவை போதும்.

‘ப்ளீஸ்’ விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஊரையே மரியாதை தெரியாதவர்கள் என்று எழுத எப்படி மனம் வந்தது? உங்கள் அம்மா என்றைக்காவது ‘தயவுசெய்து கதவைச் சாத்து’ என்று சொன்னதுண்டா? ‘கதவக் கொஞ்சம் சாத்துப்பா’ என்பார். கதவைப் பாதி சாத்தச் சொல்லவில்லை, கேட்கிற வேலையைச் சின்னதாக்கிக் காட்டுகிறார். டேனிஷில் அந்தக் ‘கொஞ்சம்’தான் ‘லீ’. எழுத்தில் ‘லிகெ’, வாயில் ‘லீ’. ‘லுக் தொரென்’ என்றால் வெறும் கட்டளை. ‘லுக் லீ தொரென்’ என்றால் அம்மாவின் குரல். இன்னும் தணிய வேண்டுமா? ‘கான் டு இக்க லீ லுக தொரென்?’ நடுவில் வரும் ‘இக்க’ எதிர்மறை. தமிழில் ‘சாத்த மாட்டீங்களா’ என்றால் குத்தலாக விழும், அங்கே அது பணிவு.

‘வென்லிஸ்ட்’ நம் பேருந்துப் பலகையின் ‘தயவுசெய்து’. அறிவிப்பிலும், கட்டணம் பாக்கி என்று வரும் நினைவூட்டல் கடிதத்திலும் அதைப் பார்க்கலாம். தினமும் அதையே வாசித்தால் அந்தப் பெண் வேறென்ன நினைப்பார்?

ஆனால் ‘லீ’யை அள்ளித் தெளிக்காதீர்கள். ஐந்து நிமிட வேலைக்குத்தான் அது செல்லும். இரண்டு நாள் வேலையை ‘லீ’ போட்டுக் கேட்டால் எரிச்சல் வரும். ‘மண்டபத்தைக் கொஞ்சம் பெருக்கிடுங்க’ என்பது போல.

காபிக்கடையில் ‘என் கஃப, தக்’ போதும். ‘தக்’ நன்றிதான், பொருள் கைக்கு வருமுன்பே சொல்லிவிடுவார்கள். ‘இன்னும் வேண்டுமா?’ என்றால் ‘யா தக்’, நமக்கு ‘யெஸ் ப்ளீஸ்’. ‘வில் டு இக்க நொக்?’ என்பதும் உங்கள் காதில் விழுந்திருக்கும். அது ஐஸ்கிரீமுக்காக அம்மாவின் கையைப் பிடித்து இழுக்கும் குழந்தையின் கெஞ்சல், அலுவலகத்துக்கு ஆகாது.

1960, 70களிலேயே எல்லோரையும் ‘டு’, அதாவது ‘நீ’, என்று அழைக்கும் வழக்கம் வந்துவிட்டது. மரியாதைப் பன்மையான ‘டி’ அரச குடும்பம் போன்ற சில இடங்களில்தான் மிச்சம். நம் ‘ங்க’ செய்கிற வேலையை அங்கே இந்தச் சின்னச் சொற்கள் சுமக்கின்றன. சொல்லுக்குச் சொல் தேடியதால் அவை உங்கள் காதில் விழவில்லை.

அடுத்த மின்னஞ்சலில் ‘வென்லிஸ்ட்’டை எடுத்துவிட்டு ‘வில் டு லீ’ என்று தொடங்குங்கள். கடைசியில் கேள்விக்குறி, அதன் கீழே ‘தக்’. அந்தப் பெண்ணிடம் ‘உன்ஸ்கூல்’ சொல்லிவிடுங்கள்.