காம்பவுண்ட் வில்லில் கேபிள் யோக் எதற்கு, எதை எடுப்பது?

காம்பவுண்ட் வில்லின் முனைகளில் கேம் எனும் சுழலும் சக்கரங்களும், அவற்றோடு இணைந்த கேபிள் எனும் கயிறுகளும் உண்டு. கேபிளின் முனை இரண்டு கால்களாகப் பிரிந்து, கேம் சுழலும் அச்சின் இரு பக்கமும் மாட்டியிருக்கும் பகுதிதான் யோக்.

அம்பின் இறகு உரசாமல் இருக்க, கேபிள்களை ஒரு கம்பி ஓரமாக ஒதுக்கிப் பிடிக்கிறது. அந்த ஓர இழுப்பில் கேம் சாயும். நாண் அம்பை நேராகத் தள்ளாது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கோயில்களில் தேர் இழுக்கும்போது ஒரு வடத்தில் ஆள் கூடினால் தேர் அந்தப் பக்கம் திரும்புமே, அதுபோல. இரு கால்களின் இழுப்பைச் சரிசெய்யத்தான் யோக்.

யோக்கில் இரண்டு வகை. மிதக்கும் யோக் இழுப்பைத் தானே பங்கிட்டுக்கொள்ளும். நாம் திருத்த அதில் இடமில்லை. நுணுக்கமாகத் திருத்த விரும்பினால், இரு கால்களையும் தனித்தனியே முறுக்கக்கூடிய நிலையான யோக் உள்ள வில்லையே வாங்குங்கள்.

சரி, திருத்துவது எப்படி? முதலில் பிடியைக் கவனியுங்கள், கை முறுக்கினாலும் அம்பு கோணும். அப்புறம் சில அடி தூரத்திலிருந்து ஒரு தாள் வழியாக எய்யுங்கள். அம்பின் வால் இடப்பக்கம் கிழித்தால், இடது காலில் ஒரு முறுக்கு கூட்டி வலது காலில் ஒன்று குறையுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் கேபிளின் மொத்த நீளம் மாறாது. வில்லை அழுத்திப் பிடித்து நாணையும் கேபிளையும் தளர்த்தும் கருவியான வில் பிரஸ் இல்லாமல் இதில் கை வைக்கவே வேண்டாம், ஆபத்து.

வில்லை இழுக்காதபோது கேம் நேராக நிற்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்போது சற்றுச் சாய்ந்திருந்தாலும் தவறில்லை, அம்பு நேராகப் புறப்படுகிறதா என்பதே கணக்கு.