ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தின் தீச்சுவரான பிஎஃப்-இல் விஓஐபி-க்கு (இணையவழிக் குரல் அழைப்புக்கு) முன்னுரிமை கொடுத்தும் பேச்சு வெட்டி வெட்டி வருவது ஏன்?

முதலில் வரிசைகளின் (பாக்கெட்டுகள் அனுப்பப்படக் காத்திருக்கும் இடங்களின்) பாக்கெட் கணக்கை, பிஎஃப்-ஐ இயக்கும் பிஎஃப்சிடிஎல் கட்டளையில் பாருங்கள். அழைப்பு நடக்கும்போது குரல் வரிசையின் எண் ஏறவில்லையா? அப்படியானால் கோளாறு வடிகட்டி விதியில்தான். பிஎஃப்-இல், 'குயிக்' என்று குறிக்காதவரை, கடைசியாகப் பொருந்தும் பாஸ் (அனுமதி) விதியே செல்லும். குரல் விதிக்குக் கீழே பொதுவான பாஸ் விதி ஒன்று இருந்தால், குரலும் இயல்பு வரிசைக்குப் போய்விடும். வரிசை ஒதுக்கீட்டை மேட்ச் விதியில் (அனுமதியோ தடையோ சொல்லாமல் அமைப்பை மட்டும் ஒட்டும் விதி) எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

விதியைத் திருத்தி மீண்டும் ஏற்றினாலும், ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் பழைய விதிப்படியே ஓடும். பலர் தடுக்கி விழும் இடம் இது. திறந்த இணைப்புகளின் பட்டியலான ஸ்டேட் அட்டவணையை அழித்த பிறகே சோதியுங்கள். (எஸ்எஸ்எச் வழியாக, அதாவது தொலைவிலிருந்து உள்நுழைந்து, அழித்தால் உங்கள் இணைப்பும் தொங்கிவிடும்!)

எண் ஏறியும் குரல் வெட்டுகிறதென்றால், நெரிசல் பெரும்பாலும் உங்கள் தீச்சுவர்ப் பெட்டியில் இல்லை, மோடத்தில் இருக்கிறது. பதிவேற்றம் அளந்து பார்த்து 20 எம்பிபிஎஸ் என்றால், மற்ற வரிசைகளையெல்லாம் அடக்கிய மூல வரிசையின் உச்சவரம்பை 18 ஆக வையுங்கள். பாக்கெட்டுகள் உங்களிடம் காத்திருந்தால்தான் முன்னுரிமைக்கு வேலை. பதிவிறக்க நெரிசலை, இணையத்தை நோக்கிய வெளி இடைமுகத்தில் அடக்க முடியாது. அதற்கு, வீட்டு வலையமைப்பை நோக்கிய உள் இடைமுகத்தில் தனி வரிசை வேண்டும்.