கைமாறும் விதைகள்: வாசகர் கேள்வி பதில்

வீட்டுத்தோட்டக்காரர்கள் தமக்குள் விதையும் கன்றும் மாற்றிக்கொள்வது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வன்னியின் பல பகுதிகளிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஐப்பசி மழைக்கு முன்னர் பயன்படக்கூடிய கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

முள்ளியவளையிலிருந்து ஒரு வாசகி: என் அக்கா தன் வளவில் காய்த்த பூசணியின் விதையைத் தந்து, என்னிடமிருந்து பயற்றை விதை பெற்றுக்கொண்டார். அக்காவின் காய் தட்டையாகவும் ஆழமான வரிகளுடனும் இருந்தது. சதை கடும் மஞ்சள். எனக்குக் காய்த்தவையோ நீளமாகவும் நீர்த்தன்மையுடனும் உள்ளன. இரண்டு கொடிகளின் காய்கள்கூட ஒன்றுபோல் இல்லை. நான் கொடுத்த பயற்றை மட்டும் அவருக்கு அப்படியே காய்த்திருக்கிறது. விதை மாறிவிட்டதா, மண்ணில் குறையா?

பதில்: அக்கா வேறு விதையைத் தரவில்லை, உங்கள் மண்ணிலும் குறையில்லை. இனக்கலப்பு நடந்தது உங்கள் வளவில் அல்ல. சென்ற ஆண்டு அக்காவின் வளவில், பூ மலர்ந்த ஒரு காலைப்பொழுதில் நடந்தது. பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாகப் பூக்கின்றன. மகரந்தத்தைச் சுமப்பது தேனீ; அதுவோ ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலும் பறந்து இரை தேடக்கூடியது. ஆகவே அக்காவின் கொடியிலிருந்த பெண் பூவுக்கு, அடுத்த ஒழுங்கையில் வேறொருவர் நட்டிருந்த நீளப் பூசணியின் மகரந்தம் வந்து சேர்ந்திருக்கலாம். இதில் பலரும் கவனியாத ஒன்று உண்டு. அவ்வாறு கலப்பு நேர்ந்த காயின் வடிவமோ சுவையோ அந்த ஆண்டில் மாறுவதில்லை, ஏனெனில் காயின் சதை தாய்க்கொடிக்கு உரியது. கலப்பு விதைக்குள் மட்டுமே இருந்து, அந்த விதை முளைத்துக் காய்க்கும்போதுதான் வெளிப்படுகிறது. நல்ல காயைத் தெரிந்து, நல்ல மனத்தோடுதான் அக்கா விதை எடுத்திருக்கிறார். அவர்மீது மனத்தாங்கல் கொள்ள வேண்டாம். அவர் முதன்முதலில் நட்டது கடையில் வாங்கிய கலப்பின விதையாக இருந்தாலும் இதே விளைவு ஏற்படும். அதையும் அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

பயற்றை பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே கருவுற்றுவிடுகிறது. கௌபி, உழுந்து, பயறு, கச்சான், தக்காளி ஆகியவையும் அவ்வாறே என்பதால், இவற்றின் விதையை அச்சமின்றி மாற்றிக்கொள்ளலாம். பூசணி, பாகல், புடோல், வெள்ளரி ஆகியவை பூச்சிகளாலும் சோளம் காற்றினாலும் கலப்பவை. கத்தரி, மிளகாய், வெண்டி ஆகிய மூன்றும் இடைப்பட்டவை: பெரும்பகுதி தம்முள்ளே கருவுற்றாலும், அருகில் வேறு இனம் நின்றால் ஓரளவு கலந்துவிடும். விதைக்கு விடும் மிளகாய்ச் செடியைப் பூக்கும் காலத்தில் பழைய நுளம்பு வலையால் மூடி, மூடியிருந்தபோது பிடித்த காய்களுக்கு ஒரு நிற நூல் கட்டி அடையாளம் செய்தால் போதும். பூசணிக்கும் நீற்றுப் பூசணிக்கும் கலப்பு ஏற்படும் என்று சிலர் எண்ணி ஒன்றைப் பிடுங்கிவிடுகிறார்கள். அவை ஒரே பயிரின் இரு இனங்கள் அல்ல, வேறு வேறு பயிர்கள். ஆகவே கலப்பதில்லை.

பூசணி இனத்தைத் தூய்மையாகக் காக்க நீங்களே தேனீயின் வேலையைச் செய்ய வேண்டியிருக்கும். நுனி மஞ்சளாகி மறுநாள் மலரவிருக்கும் பெண் மொட்டு ஒன்றையும், வேறு கொடியிலுள்ள ஆண் மொட்டு இரண்டையும் மாலையில் தெரிந்து, இதழ் நுனியை நூலால் மெல்லக் கட்டிவிடுங்கள். அடியில் சிறு பிஞ்சோடு இருப்பதே பெண் மொட்டு. மறுநாள் காலையில், வெயில் ஏறுமுன், ஆண் பூக்களைப் பறித்து இதழ்களை நீக்கி, பெண் பூவின் கட்டை அவிழ்த்து, மகரந்தத்தை நடுவிலுள்ள சூல்முடியில் தடவி, உடனேயே மீண்டும் கட்டிவிட வேண்டும். அந்தக் காம்பில் ஓர் அடையாளம் இடுங்கள். காம்பு காய்ந்து கட்டையான பின்னரே காயைப் பறித்து, மேலும் மூன்று நான்கு கிழமைகள் வீட்டுக்குள் வைத்திருந்து விதை எடுத்தால் அது நன்கு முற்றியிருக்கும். இந்தப் பொறுமைக்கு ஈடாக, அக்காவிடம் இல்லாமற்போன அந்தத் தட்டைப் பூசணியை, அவரிடம் பழைய விதை மிஞ்சியிருந்தால், நீங்களே அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியும்.

விசுவமடுவிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் ஒழுங்கையில் 14 வீட்டார் சேர்ந்து விதை மாற்றிக்கொள்ள எண்ணியுள்ளோம். எந்த மாதத்தில் கூடலாம்? சிலர் வாங்குவதோடு சரி, கொடுப்பதில்லை என்ற மனக்குறை இப்போதே எழுந்துள்ளது.

பதில்: ஆண்டுக்கு இரண்டு முறை கூடுவதே எனக்குச் சரியாகப்படுகிறது. காலபோகத்துச் செடிகளில் விட்ட விதைகள் தை, மாசி மாதங்களில் முற்றிக் கைக்கு வரும். அப்போது ஒருமுறை கூடி யாரிடம் என்ன இருக்கிறது என்று எழுதிக்கொள்ளலாம். கிணற்று நீரில் சிறுபோகத் தோட்டம் செய்வோர் அப்போதே தமக்குரியதைப் பெற்றுக்கொள்ளலாம். இரண்டாவது கூட்டம் ஆவணிக் கடைசியில் நடக்க வேண்டும். நமது பகுதியின் மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையிலேயே கிடைப்பதால், கத்தரி, மிளகாய் நாற்றுமேடையைப் புரட்டாசியில் இட்டால்தான் மண் நனைந்திருக்கும்போது நடத்தக்க நாற்று இருக்கும்.

கொடுக்கப்படும் ஒவ்வொரு பொட்டலத்திலும் இனத்தின் பெயர், எடுத்த ஊர், எடுத்த மாதமும் ஆண்டும், எத்தனை ஆண்டுகளாகக் கைவசம் உள்ளது, அருகில் அதே பயிரின் வேறு இனம் நின்றதா, முதலில் கடையில் வாங்கியதா என்பவை எழுதப்பட வேண்டும். கடைப் பொட்டலத்தில் எஃப் 1 (முதல் தலைமுறைக் கலப்பினம்) என்று இருந்திருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள். அதன் அடுத்த தலைமுறை ஒரே சீராக இராது. கூட்டத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்னர் பத்து விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்து முளைக்கச் செய்து பார்ப்பது கொடுப்பவரின் கடமை. எட்டு முளைத்தால் நல்ல விதை. ஐந்து முளைத்தால் அதைச் சொல்லி இருமடங்காகக் கொடுங்கள். அதற்கும் குறைந்தால் கொடுக்க வேண்டாம். விதை முளைக்காமற்போனவருக்கு இழப்பு ஒரு கரண்டி விதை அன்று, ஒரு போகம்.

பதனமும் இதில் அடங்கும். விதையில் உள்ள ஈரம் நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது விதையியலில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட கணக்கு. நண்பகல் வெயிலில் சீமெந்துத் தரையில் காயவிடாமல், காலை வெயிலிலும் பின்னர் காற்றோட்டமான நிழலிலும் பல நாட்கள் காயவிட்டு, இறுக மூடும் போத்தலில் அடியில் வறுத்து ஆறவைத்த அரிசியை இட்டு, அதன் மேல் துணியில் முடிந்த விதையை வையுங்கள். மாரியில் அந்தப் போத்தலைத் தேவையின்றித் திறக்க வேண்டாம். சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் வண்டைத் தடுக்க உதவும்.

வாங்குவோர் பற்றிய மனக்குறைக்கு வருகிறேன். வாங்கிய அளவுக்கு இருமடங்கை அடுத்த போகத்தின் பின் திருப்பித் தருவது என்று வைத்துக்கொள்ளலாம். பயற்றையும் வெண்டியும் வாங்கியவருக்கு இது பெரிய சுமையன்று. ஆனால் புதிதாகத் தோட்டம் தொடங்குகிறவரிடம் முதல் இரண்டு போகங்களுக்குக் கணக்குக் கேட்காதீர்கள். நாங்கள் 2010 இல் மீளக்குடியமர்ந்தபோது எங்கள் வளவில் கிணற்றையும் இரண்டு தென்னைகளையும் தவிர வேறெதுவும் மிஞ்சியிருக்கவில்லை. அம்மா தலைமுறையாகக் காத்துவந்த விதைக் குடுவைகள் எல்லாம் போய்விட்டன. வவுனியாவில் இருந்த உறவினர் ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன் அம்மாவிடம் வாங்கிச் சென்ற வெள்ளைக் கத்தரியின் விதையை ஒரு சிறு போத்தலில் கொண்டுவந்து தந்தார். அன்று அவருக்குத் திருப்பிக் கொடுக்க எங்களிடம் ஒரு பிடி கீரைகூட இல்லை. எனவேதான் ஒவ்வோர் இனமும் குறைந்தது மூன்று வீடுகளிலாவது, இயலுமானால் வேறோர் ஊரிலும், இருக்க வேண்டும் என்று உங்களிடம் வற்புறுத்துகிறேன். தன்னிடம் மட்டும் இருக்க வேண்டும் என்று ஓர் இனத்தை ஒளித்து வைப்பவர் அதை ஒரு குரங்குக் கூட்டத்திடமோ ஒரு வெள்ளத்திடமோ ஒப்படைத்திருக்கிறார்.

மல்லாவியிலிருந்து ஒரு வாசகர்: அயலவர் ஒருவர் மரவள்ளித் தடிகளும் வாழைக்குட்டிகளும் தருவதாகச் சொல்கிறார். அவருடைய மரவள்ளி இலைகளில் மஞ்சள் திட்டுகள் உள்ளன. தடியில் நோய் இருக்குமா?

பதில்: இருக்கலாம், அந்தத் தடிகளை வாங்க வேண்டாம். இலை சுருங்கி, மஞ்சளும் பச்சையும் கலந்த தேமலாக இருந்தால் அது வைரசு நோயாக இருக்கக்கூடும். விதை பல வைரசுகளுக்குத் தடையாக நிற்கிறது. தடியும் குட்டியும் கிழங்கும் தாய்ச்செடியின் உடலிலிருந்து வெட்டியெடுத்த பகுதிகள் ஆகையால், தாய்க்கு இருந்த நோய் அப்படியே கூடவே வருகிறது. அதன்பின் வெண் ஈக்கள் அதை மற்றச் செடிகளுக்குக் கொண்டுசெல்லும். இலங்கையின் பெயராலேயே அழைக்கப்படும் மரவள்ளித் தேமல் வைரசு 2015 இல் கம்போடியாவில் கண்டறியப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் வியட்நாம், தாய்லாந்து ஆகிய நாடுகளின் மரவள்ளித் தோட்டங்களுக்கும் பரவியது. நோயுற்ற தடிகள் கைமாறியது அதற்கு முக்கிய காரணமாயிற்று. இலைகள் செழித்து நிற்கும் காலத்தில் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, குறையற்ற செடிகளுக்கு அப்போதே துணி கட்டி, அறுவடையின்போது அவற்றிலிருந்து மட்டும் தடி வாங்குங்கள். இலை உதிர்ந்தபின் நல்லதும் கெட்டதும் ஒன்றுபோலவே தெரியும்.

வாழைக்கும் இதுவே முறை. குருத்து இலைகள் ஒடுங்கிக் கொத்தாக மேல்நோக்கி நிற்கும் மரம் ஒன்று அந்தப் புட்டியில் இருந்தால், பக்கத்திலுள்ள குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் தொட வேண்டாம். நோயற்ற புட்டியில் ஈட்டி போன்ற ஒடுங்கிய இலைகளைக் கொண்ட குட்டியைத் தெரிந்து, வேர்களையும் கிழங்கின் மேற்தோலையும் அங்கேயே சீவிவிட்டுக் கொண்டுவாருங்கள். கிழங்கு வண்டின் முட்டைகளும் வேர்ப் புழுக்களும் பெரும்பாலும் அத்தோலோடு போய்விடும். உங்கள் அயலவருக்கு இதை எடுத்துச் சொல்வது சங்கடமாக இருக்கலாம், ஆயினும் அவருடைய தோட்டத்துக்கும் அது நன்மையே.

உருத்திரபுரத்திலிருந்து ஒரு வாசகி: பெற்றுக்கொண்ட கத்தரி நாற்றுகள் காய்க்கும் தறுவாயில் பச்சையாகவே வாடிச் சாகின்றன. இப்போது சொந்த நாற்றுகளும் வாடுகின்றன.

பதில்: வாடிய செடியின் அடித்தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்திப் பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை இறங்கினால் அது பக்டீரியா வாடல். அக்கிருமி நாற்றின் வேரோடு ஒட்டியிருந்த மண்ணில் வந்து, இப்போது உங்கள் பாத்தியில் இருக்கிறது. அந்தப் பாத்தியில் சில ஆண்டுகளுக்குக் கத்தரி, மிளகாய், தக்காளி நட வேண்டாம், சோளம் இடலாம். எனது தோட்டத்திலும் ஒரு பாத்தியை இவ்வாறு இழந்தபின், இந்த மூன்று பயிர்களிலும் நான் நாற்று வாங்குவதுமில்லை, கொடுப்பதுமில்லை, விதையாகவே மாற்றிக்கொள்கிறேன். நாற்றுமேடையின் மேல் வைக்கோலையும் உமியையும் மாறி மாறிப் பரப்பி எரித்தபின் விதைப்பது நல்ல காப்பு. மண்ணோடு பாத்தீனியம் என்ற களையின் விதையும் வரும் என்பதை வவுனியாப் பக்கத்தவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நெடுங்கேணியிலிருந்து ஒரு வாசகர்: எல்லோருக்கும் கறிவேப்பிலைக் கன்று கொடுக்கிறேன். இதிலும் ஏதேனும் கவனிக்க வேண்டுமா?

பதில்: கொழுந்துகளைக் கவனியுங்கள். தேசி, தோடை மரங்களின் இலையை மஞ்சளாக்கி மரத்தையே தேயவைக்கும் நோயைக் காவும் சிறு பூச்சி கறிவேப்பிலைக் கொழுந்தில் பெருகுவது. கொழுந்து சுருண்டு, வெள்ளை மெழுகு இழைகள் தெரிந்தால், நுனிகளை வெட்டி எரித்து, புதுத் தளிர் சுத்தமாக வந்தபின் கொடுங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு வாசகி: எங்கள் ஊர் மிளகாயை என் மாமி 1990 களில் கனடாவுக்குக் கொண்டுபோய், இன்றும் சாடியில் வளர்க்கிறார். இங்கே அந்த இனம் எங்களிடம் இல்லை. தை மாதம் வரும்போது விதை கொண்டுவரச் சொல்லலாமா?

பதில்: உங்கள் ஆவல் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆயினும் பயணப்பைக்குள் வைத்து அப்படியே கொண்டுவரச் சொல்ல வேண்டாம். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு விதைக்கு விவசாயத் திணைக்களத்தின் முன் அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். கட்டுநாயக்காவில் அதைக் காட்ட வேண்டும். இது வெறும் கடதாசி வேலையன்று. 2014–15 காலத்தில் மத்திய கிழக்கில் அறியப்பட்ட ஒரு தக்காளி வைரசு, விதையின் மேற்புறத்தில் ஒட்டியே பல நாடுகளுக்குச் சென்று மிளகாயையும் தாக்கியிருக்கிறது. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் விண்ணப்பத்துக்கு வழி கேளுங்கள். அதற்கிடையில் அந்த மிளகாயின் படத்தை மாமியிடம் பெற்று, முள்ளியவளை, ஒட்டுசுட்டான் பக்கத்து வயதானவர்களிடம் காட்டுங்கள். ஒரு தலைமுறைக்கு முன் ஊரெங்கும் இருந்த இனம் யாரேனும் ஒருவரின் அடுக்களைக் கோடியில் நிற்கக்கூடும். பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் 1988 தொடக்கம் இயங்கும் தாவர மரபணு வளங்கள் நிலையத்தில் உள்ளூர் இனங்களின் விதைகள் பாதுகாக்கப்படுவதால் அங்கும் விசாரிக்கலாம்.

வவுனியாவிலிருந்து ஒரு வாசகி: விளக்கு வைத்தபின் கன்றோ விதையோ கொடுக்கக்கூடாது என்று மாமியார் சொல்கிறார். இதில் பொருள் உண்டா?

பதில்: மாமியாரின் சொல்லைக் கேளுங்கள். பகலில் கொடுத்தால் இலையின் அடிப்புறத்தை இருவரும் பார்த்துக்கொள்ள முடியும். ஆனால் நடுவது மாலை வெயில் தாழ்ந்தபின் நல்லது.

முழங்காவிலிலிருந்து ஒரு வாசகர்: கச்சான் விதை கொடுத்து ஒரு பப்பாசிக் கன்று பெற்றேன். ஓர் ஆண்டு நீரூற்றியபின் அது ஆண் மரமாகிவிட்டது. கொடுத்தவரிடம் வேறு கன்று கேட்பது முறையா?

பதில்: கேட்கலாம், ஆனால் அவர் ஏமாற்றவில்லை, பூக்கும் வரை பப்பாசி ஆணா பெண்ணா என்பதைக் கண்ணால் அறிய முடியாது. இம்முறை கன்றுக்குப் பதிலாக விதை கேளுங்கள். ஒரே பூவில் ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கும் மரத்தின் நீண்ட காய், தன் மகரந்தத்தாலேயே பிடித்திருந்தால், அதன் விதையிலிருந்து ஆண் மரம் வருவதில்லை. மூன்றில் இரண்டு பங்கு அதே வகையாகவும் ஒரு பங்கு பெண்ணாகவும் இருக்கும். ஒரு குழியில் மூன்று கன்றுகளை நட்டு, பூத்தபின் வேண்டியதை விட்டு மற்றவற்றை அகற்றுங்கள். ஆண் மரத்தையும் உடனே தறிக்க வேண்டாம். அயலில் பெண் மரங்கள் நின்றால் அவற்றுக்கு அதன் மகரந்தம் தேவைப்படும்.